தூக்குக்குண்டும் தோள்கொடுத்தவர்களும்

கொத்தனார் வைத்திருக்கும் கருவிகளிலே மிக எளியது தூக்குக்குண்டு. ஒரு நூல், நூலின் முனையிலே ஒரு குண்டு, வேறொன்றும் இல்லை. ஆனால், சுவர் நேராக எழும்புகிறதா, கோணிக்கொண்டு போகிறதா என்பதிலே அதன் தீர்ப்புத்தான் முடிவானது. மாளிகைக்கும் அதே தீர்ப்பு, மண்குடிசைக்கும் அதே தீர்ப்பு! மேஸ்திரி சொல்வதைக்கூடச் சித்தாள் மனத்துக்குள்ளே மறுத்துக்கொள்ளலாம். தூக்குக்குண்டு சொன்னதை மறுக்க ஆளில்லை.

அந்தத் தூக்குக்குண்டையே சந்தேகித்த ஒருவர் இருந்தார். வீம்புக்காக அல்ல, கணக்குப் பார்த்துச் சந்தேகித்தார். பரங்கிமலையிலிருந்து கருங்குழி வழியாகக் கடலூர் வரையிலே, நம் செங்கற்பட்டுச் சீமையின் குன்றுகளில் ஏறி இறங்கி, பூமி உருண்டையின் உருவத்தை அளந்தவர் அவர். பெயர் வில்லியம் லாம்ப்டன்.

வெள்ளைக்காரர். திப்புவை வீழ்த்திய படையிலே இருந்தவர். அப்படிப்பட்டவருக்கு இந்தப் பத்தியிலே இடமா என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர் எந்தக் கொடியின் கீழ் வந்தார் என்பதை நான் மறைக்கப்போவதில்லை; அதற்குச் சமாதானம் சொல்லப்போவதும் இல்லை. ஆனால், பொருளைப் பொருள் ஈர்க்கும் என்ற இயற்கை விதி எந்தக் கொடிக்கும் கட்டுப்பட்டதல்லவே! அந்த விதியை நம் மண்ணிலே, நம் உழைப்பாளிகளின் தோளிலே ஏற்றிச் சோதித்த வரலாறு நமக்குத் தெரியாமல் போனால், நட்டம் லாம்ப்டனுக்கல்ல, நமக்கு.

இங்கிலாந்தின் வடபகுதியிலே, யார்க்ஷயரில், நார்த்தலர்ட்டன் என்ற ஊருக்கு அருகில் 1750களின் நடுவிலே பிறந்தார். எளிய குடும்பம். பட்டமோ பரம்பரைச் சொத்தோ இல்லை. படிப்பிலே அவருக்குக் கிடைத்த பெரும் செல்வம் ஓர் ஆசிரியர்: நியூகாசில் நகரத்துச் சார்லஸ் ஹட்டன். இந்த ஹட்டன் யார் என்பதைத் தொழிலாளத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். தாமும் இளமையிலே சுரங்கத்தில் இறங்கிக் கரி வெட்டியவர். அங்கிருந்து மேலேறிப் பள்ளி ஆசிரியராகி, பின்னாளில் இராணுவக் கல்லூரியின் கணிதப் பேராசிரியரானார். கரி வெட்டிய அந்தக் கைதான் பூமியின் அடர்த்தியை முதன்முதலாகக் கணக்கிட்டு எழுதியது!

எப்படி என்று சொன்னால்தான் லாம்ப்டன் கதை விளங்கும். தூக்குக்குண்டு ஏன் கீழ்நோக்கித் தொங்குகிறது? பூமி இழுப்பதால். பூமி மட்டுமா இழுக்கிறது? நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலிலே நிறுவியது வேறு: உலகத்திலே உள்ள ஒவ்வொரு பொருளும் மற்ற ஒவ்வொரு பொருளையும் இழுக்கிறது. பொருளின் நிறை கூடக்கூட இழுப்பும் கூடும். தொலைவு இரு மடங்கானால் இழுப்பு நாலில் ஒரு பங்காகும். பூமி பூதாகரமானது, ஆகையால் அதன் இழுப்பு மட்டுமே நமக்குத் தெரிகிறது. அப்படியானால் ஒரு பெரிய மலையின் அருகிலே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், மலையும் அதைத் தன் பக்கம் சற்றே இழுக்க வேண்டுமல்லவா?

1774-இல் ஸ்காத்லாந்திலே ஷீஹாலியன் என்ற மலையின் இரு பக்கமும் மாஸ்கலின் என்ற வானநூல் அறிஞர் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நூல் சாய்ந்தது! கண்ணுக்குத் தெரியாத சாய்வுதான். நட்சத்திரங்களை வைத்து ஒப்பிட்டால்தான் பிடிபடும். மலை இவ்வளவு இழுக்கிறது, பூமி இவ்வளவு இழுக்கிறது என்று ஒப்பிட்டு, பூமி முழுவதும் சராசரியாகத் தண்ணீரைப்போல் நாலரை மடங்கு கனமானது என்று 1778-இல் கணக்கு முடித்தவர் ஹட்டன். ஐந்தரை மடங்கு என்பதே சரியானது எனப் பின்னர் தெரியவந்தது. என்றாலும் முதல் கணக்கு அவருடையது.

நம் ஊர்க் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போமே. மாமல்லபுரத்திலே கண்ணன் வெண்ணெய் உருண்டை என்று அழைக்கப்படும் பாறை இருக்கிறது. உயரம் சுமார் 20 அடி. எடை 250 டன் அளவு என்று மதிப்பிடுகிறார்கள். அதை ஒட்டினாற்போலப் பத்தடி நூலிலே ஒரு குண்டைத் தொங்கவிட்டால், பாறையும் குண்டை இழுக்கத்தான் செய்யும். எவ்வளவு? நம் தலைமயிரின் பருமனிலே நூற்றில் ஒரு பங்கு தூரம்! எந்தக் கொத்தனாரும் கவலைப்பட வேண்டியதில்லை. 250 டன் பாறைக்கே இவ்வளவுதான் என்றால், நம்மைத் தரையோடு தரையாகப் பிடித்து வைத்திருக்கும் பூமியின் நிறை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அந்தப் பாறை உருளாமல் நிற்பது தெய்வச் செயல் என்று சொல்வோர் உண்டு. தெய்வத்தை அழைக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. பாறையின் எடை முழுவதும் ஒரு புள்ளியிலே குவிந்ததாகக் கொண்டு, அங்கிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். நூல், பாறை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்துக்குள்ளேயே விழுகிறது. ஆகையால் கவிழவில்லை. சரிவிலே வழுக்கப் பார்க்கும் இழுப்பைக் கல்லோடு கல் உரசும் உராய்வு தடுத்து நிற்கிறது. ஆகையால் வழுக்கவில்லை. பல்லவர் காலத்துச் சிற்பி அந்தச் சரிவுகளிலே உளி பிடித்தபோது, பாடப்புத்தகம் இல்லாமலே இவற்றைத் தெரிந்து வைத்திருந்தான்.

லாம்ப்டனுக்குத் திரும்புவோம். 1781-இல் பட்டாளத்திலே கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். அமெரிக்கா விடுதலை பெற்ற பிறகு, கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியிலே படைவீரர் குடியிருப்புகளைக் கவனிக்கும் வேலை. கூடவே நில அளவை. பதின்மூன்று ஆண்டுகள் அளவுக்கு அந்தக் குளிரிலே ஓர் உத்தியோகமாகத்தான் காலம் தள்ளினார். பொழுதெல்லாம் கணித நூல்கள். அங்கே கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சூரிய கிரகணத்தைப் பார்த்ததால் ஒரு கண் பழுதுபட்டுவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பின்னாளிலே உலகத்தையே தொலைநோக்கியின் வழியாக அளந்தவருக்கு நல்ல நிலையில் இருந்தது ஒரே கண்!

நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் இந்தியா வந்தார். 1799-இல் சீரங்கப்பட்டணத்துப் போர். ஓர் இரவு, பெயர்டு என்ற தளபதியின் படை இருட்டிலே திசை தப்பி நடந்துகொண்டிருந்தது. வானத்து நட்சத்திரங்களைப் பார்த்த லாம்ப்டன், எதிரியின் முகாமை நோக்கியல்லவா போகிறோம் என்று கண்டு எச்சரித்தார். தளபதி முதலில் நம்பவில்லை. திசைகாட்டியைப் பார்த்த பிறகுதான் நம்பினார். திப்புவின் பக்கம் நிற்கும் நம் மனத்துக்கு இந்தக் கதை இனிக்காது. இருந்தாலும் நடந்தது நடந்ததுதான்.

போர் முடிந்தது. மைசூர் அரசின் நிலம் கும்பினியின் கைக்கு வந்தது. கைக்கு வந்த நிலத்தை அளக்க வேண்டும், அளந்தால்தானே வரி! கும்பினியின் அளவைக்குச் செங்கற்பட்டுச் சீமை பழக்கப்பட்டதுதான். ஜாகீர் என்று அழைக்கப்பட்ட அந்த நிலத்தை 1767 முதலே பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்திருக்கிறார். லாம்ப்டன் கேட்டது அந்த வகை அளவை அல்ல. வயல் எவ்வளவு, வரப்பு எங்கே என்பதல்ல அவர் கேள்வி. பூமியின் வளைவு என்ன, இந்த நாட்டின் ஒவ்வோர் ஊரும் அந்த வளைவின்மேல் எந்தப் புள்ளியிலே நிற்கிறது என்பதே கேள்வி. நல்ல தேசப்படம் கிடைக்கும் என்பதால் கும்பினி இசைந்தது. சென்னை அரசின் நிதிக்குழுவிலே ஒருவர் கிண்டல் செய்தாராம்: சீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்குகிறவனிடம் சொன்னால் போதும், அவன் கொண்டுபோய் விடுவான், இதற்கு எதற்குக் கணிதம் என்று. பணப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்.

கருவிகள் வந்து சேர்ந்த கதையே ஒரு நாடகம். கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட் கருவியை லண்டனிலே கேரி என்பவர் செய்தார். அதன் வட்டத் தகட்டின் குறுக்களவு மூன்றடி. எடை ஏறத்தாழ அரை டன். அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும், பகைவருடைய பொருள் என்றும் பாராமல், பிரெஞ்சு ஆளுநர் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். நீளம் அளக்க ஒரு 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகப் போய், ஏற்பாரின்றித் திரும்பி, கல்கத்தாவிலே கிடந்த சங்கிலி அது!

1802 ஏப்ரல் மாதத்திலே, நெடுங்காலம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பரங்கிமலையின் அடிவாரத்திலே வேலை தொடங்கியது. அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றை நோக்கி ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு. இதற்கு அடிக்கோடு என்று பெயர். முக்கோணத்திலே ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களை நடந்து அளக்க வேண்டியதில்லை, கணக்கிலேயே வந்துவிடும். அந்தப் பக்கத்தின்மேல் இன்னொரு முக்கோணம், அதன்மேல் இன்னொன்று — இப்படியே நாடு முழுவதும் பின்னிக்கொண்டே போகலாம். ஆனால் முதல் பக்கத்திலே ஓர் அங்குலம் பிசகினால் பிசகு நாடு முழுவதும் பரவும்.

சித்திரை வெயிலிலே ஏழரை மைல்! 100 அடிச் சங்கிலியை 400 முறை வைத்து எடுக்க வேண்டும். முக்காலிகள்மேல் நீண்ட மரப்பெட்டிகளை மட்டமாக வைத்து, அவற்றுக்குள்ளே சங்கிலியைப் படுக்க வைத்தார்கள். சூடு ஏறினால் எஃகு நீளும், ஆகையால் வெப்பமானிகள். ஒவ்வொரு முறையும் சங்கிலி ஒரே அளவு விறைப்பாக இருக்க வேண்டும். மனிதன் கையால் இழுத்தால் காலையிலே ஒரு பலம், மாலையிலே ஒரு பலம். ஆகையால் ஒரு முனையைக் கம்பத்திலே பிணைத்து, மறுமுனையிலே எடை தொங்கவிட்டார்கள். பூமியின் இழுப்புக்குக் களைப்பு கிடையாது; கூலி உயர்வும் கேட்காது! இப்படி அளந்து கிடைத்த நீளம் 40,006 அடியும் சில அங்குலமும். பெட்டிகளைத் தூக்கியவர்கள், முக்காலிகளை ஊன்றியவர்கள், சங்கிலியை எடுத்து வைத்தவர்கள் நம்மவர்கள். அங்குலம் பிசகாத அந்தக் கணக்கிலே அவர்களுடைய பெயர் ஒன்றுகூட ஏறவில்லை.

அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் தெற்கே நடந்தன. கோட்டையால் பெயர்பெற்ற கருங்குழி ஒரு நிலையம். திண்டிவனத்துப் பக்கம் பெருமுக்கல் மலை ஒரு நிலையம். கொடிக்காரர்கள் ஒவ்வொரு குன்றின் உச்சியிலும் கம்பம் நட்டுக் காத்திருப்பார்கள். அரை டன் கருவி கூலியாட்களின் தோளிலே குன்றேறும். வானம் தெளிந்த நேரத்திலே கோணம் எடுக்கப்படும். வடமுனையிலும் தென்முனையிலும் நட்சத்திரங்களைப் பார்த்து, தூக்குநூலுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையிலுள்ள கோணத்தைக் குறிக்க வேண்டும். தென்முனை கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரம். வடமுனை சென்னைக்கு வடக்கே. இரண்டுக்கும் நடுவே வானத்தின் கணக்கில் ஒன்றரைப் பாகைக்குச் சற்று அதிகம்.

கிடைத்த விடை என்ன? 12 பாகை 32 கலை அட்சத்திலே, அதாவது கருங்குழியின் அட்சத்திலே, ஒரு பாகையின் நீளம் ஏறத்தாழ 68¾ மைல். இங்கிலாந்திலே அதே ஒரு பாகை 69 மைலைத் தாண்டுகிறது. ஏன் இந்த வேறுபாடு? பூமி சரியான பந்தாக இருந்தால் எங்கே அளந்தாலும் ஒரே நீளம் வந்திருக்க வேண்டும். பூசணிக்காயைப் பாருங்கள். இடுப்பிலே வளைவு அதிகம். காம்புப் பக்கம் தட்டை. வளைவு அதிகமுள்ள இடத்திலே கொஞ்ச தூரம் நடந்தாலே திசை ஒரு பாகை திரும்பிவிடும். தட்டையான இடத்திலே அதிகம் நடக்க வேண்டும். பூமியும் இடுப்பு பருத்து, துருவங்களிலே சற்றுத் தட்டையாக இருக்கிறது என்று நியூட்டன் முன்பே கணக்கிட்டுச் சொன்னதற்கு நம் ஊரிலிருந்து ஒரு சாட்சி கிடைத்தது. மையத்திலிருந்து துருவத்துக்கு உள்ள தூரத்தைவிட நடுக்கோட்டுக்கு உள்ள தூரம் சுமார் 13 மைல் அதிகம் என்பது இன்று நன்றாக அளக்கப்பட்ட உண்மை.

பூமி ஏன் இடுப்பு பருத்தது? சுழல்வதால். ஓடுகிற பொருள் நேர்கோட்டிலேயே ஓடப் பார்க்கும். அதை வளைத்துத் திருப்ப ஒரு விசை வேண்டும். கவணிலே கல்லைச் சுற்றுகிறவன் கயிற்றை விட்டால் கல் நேரே பாய்கிறது. பஸ் வேகமாக முடுக்கிலே திரும்பும்போது, உட்கார்ந்திருப்பவர் வெளிப்பக்கமாகச் சாய்வதும் இதனால்தான். செங்கற்பட்டிலே திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கூட, பூமியின் சுழற்சியிலே மணிக்கு ஆயிரம் மைல் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார்! அவரை வளைத்துக் கூடவே இழுத்துச் செல்லப் பூமியின் இழுப்பிலே ஒரு சிறு பங்கு செலவாகிவிடுகிறது. மிச்சம்தான் எடையாகத் தெரிகிறது. துருவத்திலே நிற்பவனுக்கு இந்தச் செலவு இல்லை.

ஆகவே லண்டனிலே உள்ள எடை சென்னையிலே இல்லை. லாம்ப்டனின் அரை டன் கருவியை லண்டனிலே வில்தராசில் தொங்கவிட்டு எடை குறித்து, அதே தராசோடு சென்னைக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டால், ஏறத்தாழ மூன்று பவுண்டு குறைவாகக் காட்டும். கருவியிலிருந்து ஒரு திருகாணிகூடத் தொலையவில்லை! அதிலே உள்ள பொருளின் அளவு — நிறை என்று பாடப்புத்தகம் சொல்வது — மாறவில்லை. அந்த நிறையைப் பூமி இழுக்கும் இழுப்பு — எடை என்பது — மாறிவிட்டது. மளிகைக்கடைத் தட்டுத் தராசு இதைக் காட்டாது. ஏனென்றால் சரக்கின் எடை குறையும்போது படிக்கல்லின் எடையும் சேர்ந்தே குறைகிறது.

இதையும் சென்னையிலே சோதித்துவிட்டார்கள். சென்னை வானாய்வகத்திலே கோல்டிங்காம் என்றொருவர் இருந்தார். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி எழுதி 1798-இல் அச்சேற்றியவர்; கல்லையும் வானத்தையும் ஒருங்கே பார்த்த மனிதர். 1821-இல் அவர் ஊசல் ஒன்றை ஆட்டி அளந்தார். பூமியின் இழுப்புக் குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். ஒரு பக்கம் ஓடி முடிக்கச் சரியாக ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளம் லண்டனிலே ஏறத்தாழ 39.14 அங்குலம், சென்னையிலே 39.03 அங்குலம்தான். லண்டனிலே சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தை அப்படியே இங்கே மாட்டினால் நாளொன்றுக்கு இரண்டு நிமிஷம் பிந்திப் போகும்.

இதற்கிடையே 1804-இல் பெங்களூரிலே ஓர் அடிக்கோட்டை மறுபடி அளந்தார்கள். பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்துக்கும், தரையிலே சங்கிலி வைத்து அளந்த நீளத்துக்கும் வேறுபாடு நாலு அங்குலம்கூட இல்லை! நிதிக்குழுவிலே கிண்டல் செய்தவர் அதைக் கேள்விப்பட்டு என்ன நினைத்தாரோ.

1808-இல் தஞ்சாவூர். சமவெளியிலே குன்று கிடையாது. ஆகையால் கோபுரங்கள்மேல் ஏறிக் கோணம் எடுத்து வந்தார்கள். இராசராசன் கட்டிய இருநூறு அடிக்கு மேற்பட்ட விமானத்தின் உச்சிக்குத் தியோடலைட்டைக் கயிற்றிலே ஏற்றினார்கள். ஒரு கயிறு அறுந்தது. கருவி ஆடிப்போய்க் கற்சுவரிலே மோதியது.

நிறைக்கு இரண்டு முகம் உண்டு என்பதை இந்த இடத்திலே பார்த்துவிடலாம். பூமி இழுக்கும் இழுப்புக்கு இலக்காவது ஒரு முகம். நின்றால் நின்றபடியே, ஓடினால் ஓடியபடியே இருக்கப் பார்க்கும் பிடிவாதம் இன்னொரு முகம். அந்தப் பிடிவாதம் நிறைக்கு ஏற்றபடி கூடும். காற்றின் தடை இல்லாவிட்டால் கனமான குண்டும் கூழாங்கல்லும் ஒன்றாகவே தரைக்கு வருவது இதனால்தான்: குண்டை இழுக்கும் இழுப்பு அதிகம், அசைய மறுக்கும் பிடிவாதமும் அதே அளவுக்கு அதிகம். கயிற்றிலே மெல்ல மெல்ல ஏறிய அரை டன்னைக் கூலியாட்களின் கைகள் தாங்கின. ஆடிப்போன அரை டன்னைக் கற்சுவர் கண நேரத்திலே நிறுத்தியது. அவ்வளவு குறுகிய நேரத்திலே நிறுத்துவதற்கு வேண்டிய விசை மிகப் பெரியது. நியூட்டன் விதிப்படி, கருவி சுவரை எவ்வளவு தாக்கியதோ, சுவரும் கருவியை அவ்வளவு தாக்கியது. கருங்கல் தாங்கிக்கொண்டது; பித்தளை வட்டம் நெளிந்துவிட்டது.

வேறொருவராக இருந்தால் யார் கையிலிருந்த கயிறு என்று கேட்டு, ஓர் ஏழையின் முதுகிலே சவுக்கைப் பதித்திருப்பார். லாம்ப்டன் அமைதியான சுபாவம் உடையவர் என்றே அவரோடு வேலை செய்தவர்கள் குறித்திருக்கிறார்கள். கூடாரத்துக்குள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆறு வாரம்! ஆப்பும் திருகாணியும் கப்பியும் வைத்து, நெளிந்த வட்டத்தை மயிரளவு மயிரளவாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அந்தக் கருவியே மேலும் பல ஆண்டுகள் உழைத்தது.

இனி, தூக்குக்குண்டைச் சந்தேகித்த கட்டம். பெங்களூருக்கு அருகே தொட்டகுண்டா என்ற இடத்திலே நட்சத்திரக் கணக்கும் முக்கோணக் கணக்கும் ஒத்துவரவில்லை. கண்ணிலா பிழை? கருவியிலா? மறுபடி மறுபடி பார்த்தார். கடைசியிலே, பூமிக்கு அடியிலே கனமான ஏதோ ஒன்று நூலைத் தன் பக்கம் இழுக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். சுரங்கத் தொழிலாளியாக இருந்த ஹட்டனிடம் படித்தவரல்லவா! மலை இழுக்கும் என்று ஆசிரியர் கணக்குப் போட்டுக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாமல் புதைந்து கிடப்பதும் இழுக்கும் என்று மாணவர் கண்டார். கணக்கு இடிக்கிறபோது ஒத்துவராத எண்ணை அடித்துவிட்டு மேலே போவது எளிது; அலுவலகங்களிலே தினமும் நடப்பது. அவர் அந்த எண்ணை அடிக்கவில்லை, எழுதி வைத்தார்.

இருபது ஆண்டுக்கு மேல் கூடார வாழ்க்கை. குமரிமுனைக்கு அருகிலிருந்து வடக்கே சென்ற அந்த நெடுங்கோடு நாட்டின் நடுப்பகுதியை எட்டியது. 1818-இல் அதற்கு மாபெரும் முக்கோண அளவை என்று பெயர் சூட்டினார்கள். சென்னை அளவைப் பள்ளியிலே பயின்ற ஜோஷுவா டி பென்னிங் போன்ற இளைஞர்கள் உதவியாளர்களாக அவரோடு காட்டிலும் மேட்டிலும் அலைந்து கிழவர்களானார்கள். காட்டுக் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. நாக்பூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வழியிலே, வார்தா வட்டாரத்து ஹிங்கன்காட்டில், 1823 ஜனவரி 20 அன்று லாம்ப்டன் இறந்தார். வயது எழுபதை நெருங்கியிருக்கும். கல்லறை அங்கேயே.

அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட் கடுங்கோபக்காரர், வேலையிலே வல்லவர். 1841-இல் கோட்டை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுபோய் முடித்தார். அங்கேயும் தூக்குக்குண்டு தகராறு செய்தது! கல்யாண்பூருக்கும் கலியானாவுக்கும் இடையிலே இரண்டு கணக்குகளும் ஐந்தேகால் விகலை வேறுபட்டன. இமயம்தான் நூலை இழுக்கிறது என்றார்கள். கல்கத்தாவிலே பிராட் என்ற கணிதம் வல்ல பாதிரியார் 1855-இல் கணக்குப் பார்த்தால், இமயத்தின் அளவுக்கு நூல் இன்னும் மூன்று மடங்கு சாய்ந்திருக்க வேண்டும். ஏன் சாயவில்லை? மேலே அவ்வளவு உயர்ந்து நிற்கும் மலைக்கு அடியிலே உள்ள பாறை, சுற்றிலும் உள்ளதைவிட இலேசானது. மிதக்கும் கட்டையைப்போல மலை நிற்கிறது. பூமியின் உட்புறத்தை யாரும் தோண்டிப் பார்க்காமலே, ஒரு நூலின் சாய்வை வைத்து மனிதன் இப்படிப் படித்தறிந்தான்.

உலகத்தின் உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டதில் பெரும்பங்கு வங்காளத்து ராதாநாத் சிக்தாருக்கு. 1865-இல் அதற்குச் சூட்டப்பட்டதோ எவரெஸ்டின் பெயர். முதல் சங்கிலியை விரித்த லாம்ப்டனின் பெயர் அந்தச் சிகரத்துக்கு இல்லை. சங்கிலியைத் தூக்கியவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் ஒருவர் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆர்க்காட்டிலே பிறந்து, சென்னையிலே கடிகாரமும் நகையும் பழுதுபார்க்கும் நுணுக்க வேலை செய்துவந்த சையத் மீர் மொஹ்சின் உசேன். அவருடைய கைத்திறனைக் கண்டு அளவைத் துறையிலே சேர்த்துக்கொண்டார்கள். ஐரோப்பிய நிபுணர்கள் வகித்துவந்த கணிதக் கருவி செய்வோர் என்ற பதவியை அவருக்கே தர வேண்டும் என்று கோபக்கார எவரெஸ்ட் பிடிவாதமாக வாதாடினார். 1843-இல் அந்தப் பதவி ஆர்க்காட்டுக்காரருக்குக் கிடைத்தது. பூமியை அளக்கும் கருவிகள் அதன்பின் பழுதானபோது, அவை போய்ச் சேர்ந்தது அவருடைய பட்டறைக்குத்தான்.